மாசித் தளிர்

நமது பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறோம் என்று முந்தாநாள் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். பல வருஷங்களாகப் பொது வாழ்வில் உழைத்து, கைப்பொருளையும் உடல் நலத்தையும் அதிலேயே செலவழித்தவர் அவர். நாம் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிற்று. "ஊரில் குடிதண்ணீர்க் கஷ்டம் தீரவில்லை, நம்மவர்களிடையே ஒற்றுமை இல்லை, உழைத்தவர்கள் சோர்ந்து ஒதுங்குகிறார்கள். இந்தச் சமயத்தில் பத்திராதிபருக்குப் பூச்செடி கேட்கிறதோ?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்களாதலால், எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகே நமது தரப்பைச் சொல்வது வழக்கம். நண்பருடைய ஆட்சேபங்கள் மூன்று. முதலாவது, செடியைப் பார்த்து மகிழ்வது ஓய்வு உள்ளவனுக்கே உரிய சுகம். இரண்டாவது, ஆறுதல் கிடைத்தவுடன் மனிதன் அநியாயத்தை மறந்துவிடுகிறான். ஆகவே ஆறுதல் ஒருவகைக் கள். மூன்றாவது, தோட்டம் என்பது சுவருக்குள் அடங்கிய சொந்தச் சொத்து. அதில் பொதுஜனங்களுக்கு என்ன பங்கு? இம்மூன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்பு, இவ்விஷயம் நம் மனத்தில் எப்படிப் புகுந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது நம் வீட்டு விஷயம். நேயர்கள் பொறுத்தருள்வார்களாக.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம் வீட்டுப் பின்கட்டை அடுத்துச் சிறிது நிலம் உண்டு. அதில் ஒரு புங்கை, ஒரு வேம்பு, ஒரு பலா, ஒட்டுமா ஒன்று, முருங்கை, இரண்டு தென்னை, கிணற்றடியில் வாழையும் கருவேப்பிலையும், சுவரோரம் மல்லிகைக் கொடி. இவை எல்லாம் நம் அன்னையாருடைய ராஜ்யம். நாம் அந்தப் பக்கம் போவது வருஷத்தில் நாலைந்து தடவை கூட இராது. காலையில் கோர்ட்டு, மாலையில் காரியாலயம், இரவில் அச்சுக்குப் போகும் பக்கங்கள். இப்படியே நாற்பது வயதும் கடந்துவிட்டது.

இரண்டு வருஷங்களுக்கு முன் பத்திரிகைக் காகிதத்தை அடுக்கி வைக்க இடம் போதாமல், புங்கை நிற்கும் இடத்தில் ஒரு கிடங்கு கட்டலாம் என்று தீர்மானித்தோம். அன்னையாரிடம் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. "பங்குனி வரைக்கும் பொறு, தம்பி" என்றார். பங்குனி வந்தது; வேறு வேலைகளும் வந்தன; கிடங்கு நின்றுபோயிற்று. மறு வருஷமும் கேட்டோம். மறு வருஷமும் அதே பதில். பங்குனியில் அப்படி என்ன விசேஷம் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சென்ற கார்த்திகையில் அடைமழைக்கிடையே அன்னையார் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்திருந்த உறவினர் அனைவரும் புறப்பட்டுப் போன பிறகுதான் வீட்டின் வெறுமை தெரிந்தது. அன்று முதல் நாம் எழுதிய தலையங்கங்களை இப்போது திரும்பப் படித்துப் பார்க்கிறோம். வார்த்தைகளில் காரம் இருக்கிறது. உள்ளே உயிர் இல்லை. கோர்ட்டில் நின்றாலும், கூட்டத்தில் பேசினாலும், எல்லாம் யாருக்கோ நடப்பது போல் இருந்தது. பொதுக் காரியங்களில் உழைக்கும் அன்பர்களில் பலருக்கு இந்த நிலை புதிதாக இராது. துக்கத்தினால் வருவதும் உண்டு. தோல்வியினால் வருவதும் உண்டு.

மாசி பிறந்தது. ஒருநாள் பின்கட்டு ஜன்னலைத் திறந்தபோது புங்கை மொட்டையாக நிற்கக் கண்டோம். ஓர் இலை இல்லை. போன வருஷத்து நெற்றுக்கள் சில மட்டும் குச்சிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் விடுகிறவர் போனார், மரமும் பட்டுப்போயிற்று என்று எண்ணினோம். உண்மையைச் சொன்னால், அந்த எண்ணத்தில் ஒரு திருப்திகூட இருந்தது. துக்கப்படுகிறவன் உலகமும் தன்னோடு சேர்ந்து பட்டுப்போக வேண்டுமென்று விரும்புகிறான். மரம் அறுக்கிறவருக்கு ஆள் அனுப்பினோம்.

வந்தவர் வயது முதிர்ந்தவர். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார். கைக்கு எட்டிய குச்சி ஒன்றை வளைத்து, கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறினார். உள்ளே பச்சை. அதை நமக்கும் காட்டினார்.

"ஐயா, இது பட்ட மரம் இல்லீங்க. இலை உதிர்த்திருக்குது. வருஷா வருஷம் உதிர்க்கும். பத்து நாள் போகட்டும், பாருங்க" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "வெட்டத்தான் வேணும்னா வெட்டிடறேன். ஆனா பட்டுப்போச்சுன்னு சொல்லி வெட்டாதீங்க" என்றார்.

நாம் பேசாமல் நின்றோம். தமக்கு வரவேண்டிய கூலியை அவரே தடுத்துக்கொண்டார் என்பது சற்றுப் பிறகே நமக்கு உறைத்தது. தென்னைகளில் காய்ந்து தொங்கிய மட்டைகளைக் கழித்துக் கொடுத்து, அதற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு அவர் போனார்.

பத்து நாள் என்று அவர் சொன்னார். பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தோம். குச்சி நுனிகள் தோறும் விரல் நகம் அளவுக்குத் தளிர். எண்ணெய் பூசியதுபோன்ற பளபளப்பு. செம்பும் பச்சையும் கலந்த நிறம். ஒரு வாரத்துக்குள் மரம் முழுவதும் இளம்பச்சை மூடிவிட்டது. மாசியின் வெயிலில் அந்த இலைகளின் ஊடே வரும் வெளிச்சத்தை வர்ணிக்க நமக்குத் திறமை இல்லை. அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கார்த்திகைக்குப் பிறகு அன்றுதான் நாம் அழுதோம். அழுதபின் பசித்தது. ஆறுதல் என்ற சொல்லுக்கு நாம் கண்ட பொருள் அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் தத்துவம் ஒன்றுமில்லை.

"பங்குனி வரைக்கும் பொறு" என்று அன்னையார் சொன்னதன் கருத்தும் அன்றுதான் விளங்கிற்று. பங்குனியில் தளிரோடு நிற்கும் புங்கையைக் கண்ணால் பார்த்த பிறகு எவனும் வெட்டமாட்டான் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டு வருஷமும் பார்க்கவே பார்க்காமல் நாம்தான் அந்தக் கணக்கைப் பொய்யாக்கினோம்.

இங்கே நம் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் என்ற கவியின் டாஃபடில் பூக்களைப் பற்றிய பாட்டை நெட்டுருப் போட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கினோம். அவர் தம் தங்கை டாரதியுடன் ஓர் ஏரிக்கரையில் 1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அந்தப் பூக்களைக் கண்டதும், அந்தப் பாட்டு 1807-ல் அச்சானதும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அது நல்ல பாட்டு. அதில் குறை சொல்லவில்லை. ஆனால் டாஃபடில் பூவை நாம் கண்ணால் கண்டதே இல்லை. கொல்லையில் நிற்கும் புங்கை மாசியில் இலை உதிர்க்கும் என்பதோ நாற்பது வயது வரை தெரியவில்லை. இவ்விதக் கல்வியின் லாப நஷ்டத்தை நேயர்களே கணக்கிடட்டும்.

இதில் வேறொரு குழப்பமும் உண்டு. 'ஸ்பிரிங்' என்று அவர்கள் சொல்வதை வசந்தம் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, பனி உருகி, குளிர் நீங்கி, உலகம் சுகப்படும் காலம் என்று நாமும் எழுதுகிறோம். நம் நாட்டுப் பருவம் அப்படிப்பட்டதன்று. மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனி. சித்திரையும் வைகாசியுமே இளவேனில். இங்கே தளிர் வருவது சுகம் தொடங்கும்போது அல்ல. வெயில் ஏறத் தொடங்கும்போது. கார்த்திகையில் பெய்த மழை நின்று மாதங்கள் ஆகியிருக்கும். மேல் மண் வெடித்திருக்கும். அடுத்த பெருமழைக்கு இன்னும் அரை வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் புங்கையும் வேம்பும் பழைய இலையைக் கழித்துப் புது இலை விடுகின்றன.

மழையே இல்லாதபோது மரத்துக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது? தாவர சாஸ்திரிகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய இலைகள் வழியாக நீர் ஆவியாகிப் போய்க்கொண்டேயிருக்கும். அவற்றை உதிர்த்தவுடன் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. அடிமரத்தில் தங்கியுள்ள நீரும், ஆழத்துக்குப் போன வேர் இழுத்துக் கொடுக்கும் நீரும் கிளைகளில் ஊறி நிரம்புகின்றன. பகல் நீள்வதையே அடையாளமாகக் கொண்டு மொட்டுக்கள் அவிழ்கின்றன. ஆகவே மொட்டையாக நிற்கும் அந்தச் சில நாட்கள் மரணமல்ல, சேமிப்பு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நகத்தால் கீறிப் பார்த்தவனுக்கே வித்தியாசம் தெரியும்.

மாமரத்தின் நியாயம் வேறு. மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளும் மழையின்மையும் அதைப் பூக்கத் தூண்டுகின்றன. தையிலும் மாசியிலும் கொத்துக் கொத்தாகப் பூ. வேம்போ செந்தளிர் விட்டுப் பங்குனியில் பூக்கத் தொடங்கும். உதிர்ந்த வேப்பம்பூவை அன்னையார் முறத்தில் காயவைத்து வருஷம் முழுவதுக்கும் ரசத்துக்கு வைத்துக்கொள்வார். சித்திரை முதல் நாளில் பச்சடிக்கும் அதுதான். பலாவில் அடிமரத்திலேயே பிஞ்சு கட்டும். முருங்கை பூவும் பிஞ்சுமாக நிற்கும். இவ்வளவும் மழையில்லாத மாதங்களில் நடக்கும் காரியங்கள்.

தமிழ்ப் புலவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் வேனிலையும் பின்பனியையும் பாலைத் திணைக்குரிய பொழுதாக வைக்கிறது; பாலையின் பொருளோ பிரிவு. டாக்டர் சாமிநாதையர் 1903-ல் பதிப்பித்த ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்று பத்துப் பாட்டுக்கள் இருக்கின்றன. பாதிரியும் புங்கும் வேம்பும் அங்கே வரிசையாக வருகின்றன. பொருள் தேடிப் போனவன் இன்னும் திரும்பவில்லை. பருவம் மட்டும் தன் நாளில் வந்துவிட்டது என்பதே பத்துக்கும் பல்லவி. காலேஜில் அதைப் படித்தபோது காதலர் விஷயம் என்று புரட்டிவிட்டுப் போனோம். இந்த மாசியில் புங்கை நிழலில் அதைத் திரும்ப எடுத்துப் படித்தோம். வரவேண்டியவர் வரமாட்டார், தளிர் வந்துவிட்டது. அதை வரவேற்பதா, அதனோடு கோபித்துக்கொள்வதா? இரண்டும் செய்யலாம் என்று அந்தப் புலவர் அநுமதி கொடுக்கிறார். அத்தகைய ஆறுதலில் பொய் கிடையாது.

இனி நண்பரின் ஆட்சேபங்களுக்கு வருவோம்.

செடியைப் பார்ப்பது ஓய்வுள்ளவனுடைய சுகம் என்பது முதல் ஆட்சேபம். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலையை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'தானே' என்ற புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோ மீட்டர் வரையில் காற்று. பண்ணுருட்டியைச் சுற்றிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த முந்திரிக் காடுகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. நெற்பயிர் போனால் அடுத்த போகத்தில் மீளலாம். விதை போட்ட பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். பெரிய மரமாக நின்று குடும்பத்தைத் தாங்க ஒரு மனிதனுடைய இளமை முழுவதும் வேண்டும். தோப்பை இழந்த விவசாயி அடுத்த பருவத்தில் குழி வெட்டிக் கன்று வைத்தானே, அது ஓய்வுள்ளவனின் விளையாட்டா? சாய்ந்த மரத்தின் அடிக்கட்டையில் துளிர் தெரிகிறதா என்று தினந்தோறும் போய்ப் பார்த்துவந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தத் துளிர் ஆறுதலாக மட்டும் இல்லை. கடன் அடைக்கும் வழியாகவும் இருந்தது.

நம் வீட்டிலும் அன்று பழைய பலாவும் வேம்பும் விழுந்தன. புங்கை கிளைகளை எல்லாம் இழந்து அடிமரமாக நின்றது. நாம் காரியாலயத்தில் புயல் சேதச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தோம். அன்னையார் 2012-ல் ஆனி மாதத்தில் பண்ணுருட்டிப் பழம் ஒன்றை வாங்கி, சுளை தின்று, கொட்டைகளைக் காயவிடாமல் அன்றைக்கே நட்டார். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்கும் சக்தியை விரைவில் இழந்துவிடும். ஆணிவேர் கொண்ட கன்று இடம் மாற்றினால் வாடும். ஆகையால் மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நட வேண்டும். இது அவருடைய பாடம். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 2020-ஆம் வருஷக் கோடையில், தொற்றுநோய்க்காக நாடெங்கும் ஊரடங்கு இருந்த சமயத்தில், அந்த மரம் முதன்முதலாக மூன்று காய் காய்த்தது. தெருவில் எட்டு வீடுகளுக்கு வாசற்படியில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

ஆறுதல் மனிதனை மயக்கும் கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்கு நம் ஊர்ச் சரித்திரமே பதில் சொல்லும். சுப்பிரமணிய பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். வறுமையும் வேவுகாரர் தொல்லையும் சூழ்ந்த வருஷங்கள் அவை. புதுவைக்கு மேற்கேயுள்ள ஒரு மாந்தோப்பையும் அதில் கூவும் குயிலையும் வைத்து அவர் பாடிய 'குயில் பாட்டு' அந்த வாழ்விலிருந்து பிறந்தது. மாந்தோப்பு அவரை மயக்கிப் போடவில்லை. 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் அடியெடுத்து வைத்தார். கடலூருக்கு அருகே கைதாகி, கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டு, டிசம்பர் நடுவில் விடுதலையானார். தோப்பில் உட்காரத் தெரிந்தவர் சிறைக்குப் போகவும் தெரிந்தவராக இருந்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஓயாமல் கோபத்திலேயே இருப்பவன் கடைசியில் கோபப்படும் சக்தியையும் இழந்து போகிறான். சென்ற மார்கழியிலும் தையிலும் நாம் எழுதிய தலையங்கங்களே அதற்கு ருசு.

மூன்றாவது ஆட்சேபமே வலிமையானது. சுவருக்குள் தோட்டம் வைத்திருப்பவன் தோட்டத்தின் புகழைப் பாடுவது சுலபம். மண் என்று ஒரு பிடிகூடச் சொந்தமாக இல்லாத குப்பத்து ஜனங்களும் சேரி ஜனங்களும் எதைப் பார்த்து ஆறுதல் அடைவார்கள்? இந்தக் கேள்வியை நாம் மழுப்ப விரும்பவில்லை. இதற்கு விடை நம் தோட்டத்துக்குள் இல்லை. ஆகவே வெளியே போய்த் தேடினோம்.

நம் ஜில்லாவின் இரண்டு புண்ணிய ஸ்தலங்களும் மரத்தினால் பெயர் பெற்றவை. திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் அப்பெயர் பெற்றது; அங்கே ஸ்தல விருட்சம் அதுவே. சமணர்கள் அவ்விடத்தைப் பாடலிபுரம் என்று வழங்கியதும் அந்த மரத்தைக் கருதியே. புது மண் ஓட்டில் பாதிரிப் பூவைப் போட்டு வைத்தால், அந்த ஓடு பிறகு தன்னிலிட்ட நீருக்கும் மணம் கொடுக்குமாம். கல்லாதவனும் கற்றாரோடு சேர்ந்தால் அறிவு பெறுவான் என்பதற்கு நாலடியார் இதை உவமை கூறுகிறது. அன்னையாரோடு நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஓட்டில் மணம் ஏறவில்லை என்பது நம்முடைய வெட்கம். கடலூரில் உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்தி, பாதிரி மரம் எது என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள்?

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை மரக் காடு இருந்த இடத்தில் கோயில் எழுந்தது என்பது ஐதிகம். இன்று தில்லை மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். உப்பங்கழி ஓரத்தில் சுரபுன்னைகளுக்குப் பின்னால் தில்லை நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகையால் படகுக்காரர்கள் அதை முறிக்க மாட்டார்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. உதிருமுன் இலை செக்கச் சிவந்துபோகும். ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த அலையாத்திக் காடு 2022-ல் ராம்சார் உடன்படிக்கைப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது.

அந்தக் காட்டின் வரலாறு நம் கேள்விக்கு விடை தருகிறது. பிரிட்டிஷார் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்களை ஒட்ட வெட்டி வந்தார்கள். வெட்டின இடங்களில் மண் காய்ந்து அமுங்கித் தொட்டிபோல் பள்ளமாயிற்று. அலையோடு வந்த நீர் திரும்பப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து, அங்கே எதுவும் முளைக்காமல் போயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வன இலாகாவினரும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் சேர்ந்து, மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினார்கள். கடல் நீர் வந்து போக வழி கிடைத்தது, உப்புக் குறைந்தது, நட்ட கன்று பிழைத்தது. பட்ட நிலம் என்று கைவிடப்பட்டது, வழி விட்டவுடன் காடாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர்க் கரையோரத்தில் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்று மறு வருஷமே விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் காடே அந்த ஊராருடைய தோட்டம்.

ஆகவே நண்பருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். தோட்டம் சுவருக்குள்ளேயே இருந்துவிட்டால் அவர் சொல்வது சரி. அதைச் சுவருக்கு வெளியே கொண்டுவருவது நம் வேலை. பள்ளிக்கூட முற்றம், கோயில் குளக்கரை, பஸ் நிற்கும் இடம், ஆற்றங்கரை, குப்பத்துத் தெருக்கோடி, எல்லாம் பொது நிலம். சாலையை அகலமாக்குவதற்காக இந்த ஜில்லாவில் வெட்டிய புளிய மரங்களின் இடத்தில் எத்தனை கன்றுகள் வைத்தார்கள், அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பேர் நடந்து போய் எண்ணி வந்தால், அது நல்ல அரசியல் வேலையாகும். திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளிக்கூடங்களில் ஆளுக்கொரு பாதிரிக் கன்று வைக்கலாம். செலவு அதிகமில்லை, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும், அவ்வளவே. விழா எடுத்து நடுகிறவர்கள் ஏராளம். பங்குனி வெயிலில் குடம் தூக்குகிறவர்களே குறைவு.

காகிதக் கிடங்குக்கு வேறு இடம் வாடகைக்குப் பிடித்துவிட்டோம். மாதந்தோறும் அதனால் சிறு நஷ்டமே. கணக்குப் பிள்ளை முணுமுணுக்கிறார். காலையில் அரைமணி நேரம் கிணற்றடியிலிருந்து தண்ணீர் எடுத்து விடுகிறோம். எந்தச் செடிக்கு எவ்வளவு என்பது தெரியாமல் மல்லிகையின் வேரை ஒருமுறை அழுகவும் வைத்தோம். அடுத்த வீட்டு மூதாட்டியார் வந்து கடிந்துகொண்டு போனார். புங்கையில் இப்போது மொட்டுக் கட்டுகிறது. சித்திரையில் வெள்ளைப் பூ பொரி இறைத்தாற்போல் உதிருமாம். இத்தனை வருஷம் அந்தப் பூவை மிதித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருப்போம் போலும்.

நண்பர் நேற்று மாலை வந்தார். அவரைப் புங்கை நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தோம். தமது சங்கத்தில் ஆள் சேரவில்லை, அதை மூடிவிடலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். நாம் மரம் அறுக்க வந்தவரின் கதையைச் சொன்னோம். இந்த உவமையை மேலும் நீட்டுவது வக்கீல்களின் கெட்ட பழக்கம். ஆகையால் அத்தோடு நிறுத்திக்கொண்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார்.

நம் நேயர்களுக்கும் அதையே சொல்லி முடிக்கிறோம். எதையும் பட்டுப்போயிற்று என்று தீர்ப்புச் சொல்லுமுன் பங்குனி வரை பொறுத்திருங்கள். பொறுக்க முடியாவிட்டால், கோடரி எடுக்குமுன் ஒரு தடவை கீறியாவது பாருங்கள்.